விண்வெளிக்காரன் கடைசியில் சொன்னது

பெரியவன் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இதை என் கையாலேயே எழுதுகிறேன். மருமகள் உனக்கு வாசித்துக் காட்டும்போது சிரித்தால் சிரிக்கட்டும்.

நேற்று எங்கள் தொழிலாளர் முகாமில் விடுமுறை. சலவைக்கூடத்து வெள்ளை விரிப்பையே திரையாகக் கட்டி, நம் விண்வெளிப் படத்தின் மூன்று பாகத்தையும் போட்டார்கள். கல்யாணமான புதிதிலிருந்து நாம் பாஷை புரியாமலே பார்த்த படம். இப்போது அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. இங்கே வந்து எழுத்துக் கற்றதில் எனக்கும் படிக்க வருகிறது! நட்சத்திரங்களுக்கு நடுவே நம் எழுத்தைக் கண்டதும் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் என்று நாம் திட்டிய கிழவிதான் கப்பலுக்கே தலைவியாம்.

நான் சத்தமாக எழுத்துக் கூட்டினேன். "பெரியவரே, படம் பாக்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்றார் பக்கத்துக் கட்டில் டிரைவர். ஆனால் கடைசிக் காட்சியில் அவரே படத்தை நிறுத்தி, "நிதானமா படிங்க" என்றார்.

மனைவியை விட்டு விண்வெளிக்காரன் தனியாகப் பறக்கும் இடம் அது. கைகழுவிவிட்டுப் போகிறான் என்பேன் நான்; திரும்பி வருவான் என்று நீ சண்டைக்கு வருவாய். அவள் கையைப் பிடித்து அவன் சொல்வதைப் படித்தேன்: "எத்தனை நாளாகும் என்று தெரியாது. ஆனாலும் உன்னிடம்தான் வருவேன்."

நீதான் ஜெயித்தாய். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அவன் சொன்னதை நான் சொன்னதாகவே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பெரியவன் அப்பா