நான் முகர்ந்து பார்த்தது

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. ஆனாலும் படி.

பன்றி அறுத்த அன்று விடியலில் என் அப்பா நீட்டிய பிளம் சாராயத்தை நீ வேண்டாம் என்றாய். "என்ன மாப்ள, சாமியாராயிட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஹங்கேரியில் பன்றி அறுக்கும் விடியலில் எல்லோரும் ஒரு வாய் குடிப்பார்கள்; அன்றைக்குக்கூட மறுப்பவன், வீட்டுக்குத் தெரியாமல் வேறெங்கோ குடிப்பவன்தான். மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். உன் வாயை முகர்ந்தேன். வாசனை இல்லை. பல் தேய்த்திருப்பாய் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் பரிசோதனை முடிந்து டாக்டரம்மா சொன்னார்: "கணையத்துல சுரக்கிற நொதி ஒண்ணு, புரதத்தை வெட்டுறது. குடலுக்குப் போனப்புறம்தான் அது முழிக்கணும். இவருக்கு ஜீன்ல கோளாறு, உள்ளேயே முழிச்சுக் கணையத்தையே வெட்டுது. குடியால இல்லம்மா. பிள்ளைக்கும் வரலாம்."

"ஊர்ல எல்லாக் குடிகாரனுக்கும் இப்படி ஒரு ஜீன் இருக்கும் டாக்டர்," என்றேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். அந்த டாக்டரம்மாவும் உனக்கு வேண்டியவள் என்றே நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நேற்று மதியம் நம் போர்பலா தட்டைத் தள்ளிவிட்டு, முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டாள், அச்சாக உன்னைப்போல. "அம்மா, உள்ள யாரோ கடிக்கிறாங்கம்மா," என்றாள். இப்போது அதே மருத்துவமனையில் இருக்கிறாள். உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, அந்த ஏழு வயதுக் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தேன்.

இன்னும் உன் மனைவி