படையல் குழம்புக்கு உப்பு

மூத்தவளின் மகள் கம்பசில் இரசாயனம் படிக்கிறாள், வகுப்பில் முதலாவது. கனடாவில் இருக்கும் பேரன் சொந்தமாக வீடு வாங்கிவிட்டான். பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டி புலமைப்பரிசில் சோதனையில் பாஸ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவேன்?

இன்று உங்கள் ஆண்டுத் திவசம். எழுதும்போதும் கையில் கத்தரிக்காய்க் குழம்பு மணக்கிறது. விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

கல்லுப்புக் கிடைக்கவில்லையென்று மருமகன் தூள் உப்பு வாங்கி வந்திருந்தார். நான் பழக்கத்தில் ஒரு கை அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டேன். பேத்தி கண்டுவிட்டாள்.

"அம்மம்மா, கல்லுப்பிலை இடையிலை வெறுங்காத்து நிக்கும். தூள் நெருக்கமாய் இருக்கும். உந்தக் கையளவு கூடிப்போகும். நான் ஒருக்கா ருசி பாக்கட்டே?"

படைக்க முன்னம் வாயில் வைக்கலாமா? விடவில்லை. தேங்காய்ப்பால் விட்டேன். மனம் கேட்கவில்லை, இன்னும் விட்டேன். பிறகு சப்பென்று போயிருக்குமோ என்று பயந்து ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன்.

என் பதற்றத்தை ஆற்றத்தான், தண்ணீர் பட்டால் பற்றுகிற சோடியமும் மூச்சை அடைக்கிற குளோரினும் சேர்ந்ததுதான் உப்பு என்று பேத்தி விளக்கினாள். "அப்ப நானும் உன்ரை அம்மப்பாவும் போலை," என்றேன். சிரித்துவிட்டாள்.

உங்களுக்குப் பிரஷர் என்று டொக்டர் உப்பைக் குறைத்த பிறகு, "இஞ்சரப்பா, இது குழம்போ, கழுநீரோ?" என்பீர்கள். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கல்லை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் ஒளித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவீர்கள். மாரி மழையில் உப்பு ஈரத்தை இழுக்கும்; மடிப்பு நனைந்து கிடப்பதைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இன்றைக்கு ஒருநாளாவது உங்கள் நாக்குக்குச் சரியாக வைக்க வேண்டும் என்பதுதான் என் அந்தரமும் தவிப்பும்.

படைத்தோம். காகம் தின்றது. பிறகுதான் வாயில் வைத்தேன். கரித்தது. மருமகன் தண்ணீர் குடித்தார்.

"கரிக்குதம்மா," என்றாள் மகள். "அப்பா எண்டால் ரெண்டாந்தரமும் குழம்பு கேட்டிருப்பார்."

அதைக் கேட்டும் ஆறவில்லை. உங்கள் நாக்குக்குப் பழகிய கை, இன்னும் அதே அளவைத்தான் அள்ளுகிறது. படையலுக்கு முன்னால் வைத்த படமோ உப்பில்லாமல் சாப்பிட்ட காலத்தில் எடுத்தது. அந்த முகத்தில் சரி பிழை ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற படம் ஒன்று கனடாப் பேரனிடம் இருக்கிறதாம். அடுத்த திவசத்துக்கு முன்னால் வைக்க, பெரிதாகப் பிரதி எடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.