மித்ராவும் போன்ல இருந்த அப்பாவும்

மே 6, செவ்வாய். ஓரிக்கை.

காலையிலயே வெயில். பெட்டி கட்டியாச்சு. இட்லிப்பொடி, ரசப்பொடி, மித்ராவுக்குக் காய்ச்சல் மருந்து, ரெண்டு ஸ்வெட்டர். லேப்ல லீவு குடுத்துட்டாங்க. திரும்பி வர்றதுக்குள்ள ரத்தம் எடுக்க வேற ஆள் போட்டுடுவேன்னு ஓனர் சிரிச்சிக்கினே சொன்னாரு. பாதி நிஜம்.

ஒரகடம் கம்பெனி என் வீட்டுக்காரர் சுரேஷை ஜெர்மனிக்கு அனுப்பினப்ப மித்ரா தவழ்ந்துக்கினு இருந்தா. இப்ப மூணு வயசு. ஒரு வருஷம்னாங்க, நீட்டிக்கினே போறாங்க. "அப்பாகிட்ட போறோம்"னேன். ஓடிப் போயி என் போனை எடுத்துக்கினு வந்து நீட்டினா.

மே 8, வியாழன். மியூனிக்.

மழை, குளிர். ஏர்போர்ட்ல சுரேஷ் ரெண்டு கையையும் நீட்டினாரு. மித்ரா என் துப்பட்டாவுக்குள்ள பூந்துக்கினா. கரடி பொம்மை குடுத்தாரு. வாங்கிக்கினு "தேங்க்யூ அங்கிள்"னா. அவர் பெட்டியத் தள்ளிக்கினு முன்னால நடந்தாரு.

ரூம் சின்னது, சுத்தம். கட்டில்ல அவர் படுத்தா இவ அழறா. அவர் தரையில.

மே 10, சனி. சால்ஸ்பர்க்.

ரயில்லயே ஆஸ்திரியா. யாரும் பாஸ்போர்ட் கேக்கல. வாலாஜாபாத் போற மாதிரி இன்னொரு நாட்டுக்கு வந்தாச்சு. ஊர் நடுவுல ஆறு, ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. மித்ரா பாலாத்துல மணலத்தான் பாத்திருக்கா. பாலத்து மேல நின்னு, "ஆத்துல யாரும்மா தண்ணி ஊத்துனது?"ன்னா. சுரேஷ் சிரிச்சிட்டாரு. பதில் சொல்லக் குனிஞ்சாரு, அவ என் பின்னால போயிட்டா.

சாயங்காலம் பெஞ்சுல உக்காந்துக்கினு சொன்னாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்களாம், டீம் லீடராக்கறாங்களாம். முடிவு என்னுதாம். நாங்களும் இங்க வந்துட்டா என் வேலை? எங்கப்பாவோட டயாலிசிஸ்? யோசிக்கலாம்னேன். கோவமில்ல. கால் வலி.

மே 12, திங்கள். வியன்னா.

வெயில். மெட்ரோவுல சுரேஷ் தள்ளுவண்டியோட முதல்ல ஏறினாரு, மித்ரா அதுல. கூட்டத்துக்குப் பின்னால நான். கதவு மூடிக்கிச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ முகம், வாயத் தொறந்துக்கினு. சத்தம் கேக்கல. வண்டி போயிடுச்சு.

என் போன்ல இந்த ஊர் சிம் இல்ல. அடுத்த வண்டியில ஏறவா, நிக்கவா? நின்னேன். வயசான ஒரு அம்மா என்னமோ கேட்டாங்க, புரியல. தண்ணி பாட்டில் குடுத்துட்டு என் பக்கத்துலயே நின்னாங்க. அவங்க ஏற வேண்டிய வண்டியும் போச்சு. அப்பாகிட்ட இருக்கான்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. யாரோ தூக்கிக்கினு போறாங்கன்னுதான நெனப்பா.

எதிர்ப்பக்கம் வந்த வண்டியிலேர்ந்து எறங்கினாங்க. தள்ளுவண்டி காலி. மித்ரா அவர் விரலப் பிடிச்சி இழுத்துக்கினு வந்தா. முகமெல்லாம் கண்ணீரும் சளியும். என்னைப் பாத்ததும் ஓடி வரல. அண்ணாந்து அவர்கிட்ட, "அழாதப்பா. அம்மா கெடச்சிட்டாங்க"ன்னா.

அப்பதான் அவர் கண்ணப் பாத்தேன்.

ரூமுக்கு வந்து சொன்னாரு. வண்டிக்குள்ள ஒரே அலறலாம், அம்மா அம்மான்னு. சுத்தி இருந்தவங்க இவரையே பாத்தாங்களாம். உன் குழந்தைதானான்னு ஒருத்தர் இங்கிலீஷ்ல கேட்டாராம். போனை எடுத்து போட்டோவெல்லாம் காட்டினாராம். காட்டும்போதே இவருக்கு அழுகை வந்துடுச்சாம். அதப் பாத்து அவ நிறுத்திட்டாளாம்.

அந்தம்மாவுக்கு நான் நன்றிகூட சொல்லல. திரும்பிப் பாத்தப்ப ஆள் இல்ல.

மே 15, வியாழன். ப்ராக்.

தூறல். பெரிய கோட்டை, நெறைய படி, தூக்கினது அவர். மத்தியானம் தயிர் சோறு, அப்பாதான் ஊட்டணுமாம். பாதி சட்டையில.

கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன்னாரு. ஆகஸ்ட்டோட ஊருக்கு. அப்ப டீம் லீடர்னேன். "ஒரகடத்துலயும் டீம் இருக்குதுமா"ன்னாரு. எனக்கு நிம்மதி. அவருக்கு முழுசா இல்ல, தெரியுது. மேல கேக்கல.

மே 18, ஞாயிறு. மியூனிக் ஏர்போர்ட்.

மேகமூட்டம். பெட்டிய கவுண்டர்ல போட்டாச்சு. ரசப்பொடியும் ரெண்டு ஸ்வெட்டரும் அவர்கிட்டயே. செக்கிங் வரைக்கும் வந்தாரு. அதுக்கு மேல விட மாட்டாங்க. மித்ரா அவர் தோள்ல தூங்கிட்டா, ஒரு கை அவர் காலர்ல. வாங்கணும்னா எழுப்பணும். யார் எழுப்பறதுன்னு ரெண்டு பேரும் பாத்துக்கினு நின்னோம். பின்னாடி இருந்தவங்கள முன்னாடி போகச் சொன்னோம்.