அரக்கு ஓடிய காப்பு

மாசி, வெள்ளிக்கிழமை.

இன்று தங்கக் காப்பின் உள்கூட்டை நிரப்ப ஊற்றிய அரக்கு உள்ளே ஓடவில்லை. கெட்டியாக இருக்கட்டும் என்று நான் அரக்கில் சேர்த்த செங்கல்பொடி கூடிப்போய், காப்பின் வாயிலேயே உறைந்துவிட்டது. காப்பை வாங்க ராசிபுரத்துப் பெண்வீட்டார் நாளைக் காலையில் வந்துவிடுவார்கள்.

மனைவி பாவாயியைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் பிறந்தபின் அவள் பட்டறைக்குள் வந்ததில்லை. அடைத்ததைச் சுரண்டிவிட்டு, பொடியைக் குறைத்துப் புதிதாக உருக்கினேன். அவள் காப்பைக் குறட்டில் பிடித்துத் தணலில் காட்டித் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் ஊற்ற, அரக்கு கடைசிவரை ஓடி நிறைந்தது. கல்யாணமான புதிதில் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

"அப்பவெல்லாம் வெரலெல்லாம் கொப்புளமாப் போயிருமுங்க" என்று சிரித்தாள்.

"ஏன் சொல்லலே?"

"சொன்னா, ஊட்டுக்குள்ள போன்னு சொல்லிருவீங்களே!"

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.