சூடு தணியாத எஃகு

சுங்கை சோ,
ஞாயிறு

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

சுங்கை பட்டாணியில் நீயும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டி வலி குறைந்ததா? போனில் சொன்னால் நீ பதறிப்போவாய். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

1. என் உடல்நலம்.
2. லிங்கேஸ்வரன் செய்த பிழை.
3. நீ அனுப்ப வேண்டியது.

நான் சுகம். ரவாங் பட்டறையில் வியாழக்கிழமை நாங்கள் பதப்படுத்திய அதிவேக எஃகு கட்டர்கள், நேற்று இரும்பை அறுக்கத் தொடங்கியதும் விளிம்பு உடைந்தன. யாருக்கும் காயமில்லை. உலையைப் பார்த்துக்கொள்ளும் லிங்கேஸ்வரன் சூட்டைக் கூட்டியிருப்பான் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல நான் போகவே இல்ல லா, ஐயா" என்றான். நாளை அவனை வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார்கள்.

அந்த எஃகை அவ்வளவு சூட்டில் வைத்துக் குளிர்வித்த பிறகு, ஐந்நூற்றைம்பது டிகிரியில் மூன்று முறை சூடாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் தொடும் அளவுக்கு ஆறவிட்டால்தான் நொறுங்கும் தன்மை போகும். அந்த வேலை என்னுடையது. வியாழன் மாலை நீ கூப்பிடும் நேரம் தவறக்கூடாது என்று, சூடு தணிவதற்குள் மறுபடி உலையில் வைத்துவிட்டேன். உனக்கு விளக்கி எழுதும்போதுதான் உறைக்கிறது.

நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் அனுப்பு. மேலே உன் கையாலேயே என் பெயர் எழுதி ஒட்டு.

காலையில் முதல் ஆளாக மேனேஜரைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக நான் எழுதியது தவறு, இராஜம்மா. பிழை என்னுடையது.

உமாபதி