வளையலில் கிடந்த ஊக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியமாக. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

விமானப் பொறியியல் வகுப்பில் நேற்று ஒரு பரீட்சை. நாங்களே செய்த கிளைடரை, அதுதான் இன்ஜின் இல்லாத குட்டி விமானத்தை, கையால் எறிந்து பறக்கவிட வேண்டும். எனக்கு இதெல்லாம் புதிதா? "துடைப்பம் ஏன்டா இளைச்சுக்கிட்டே போகுது?" என்று நீ கத்தக் கத்த, குச்சி உருவி எத்தனை செய்திருப்பேன்! ஆனாலும் நேற்று என்னுடையது இரண்டு முறை தலைதூக்கித் தொப்பென்று விழுந்தது. மூக்கில் கனம் போதவில்லை. நான் கிளம்பும்போது உன் வளையலிலிருந்து கழற்றி என் பையில் குத்தினாயே, அந்த ஊக்கை எடுத்து மூக்கில் மாட்டினேன். மைதானத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டது. வகுப்பிலேயே நான்தான் முதல்!

அப்புறம்தான் கூத்து. எறிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"யாருக்காகப்பா நிக்கிற? போய் எடுத்துட்டு வா."

நான் மாடியிலிருந்து எறிய எறிய, கீழே துணி காயப்போட்டபடியே, "இந்தா, இதுதான் கடைசி" என்று ஒவ்வொரு முறையும் நீ அதை எடுத்து மேலே வீசுவாயே, அந்தப் பழக்கம்.

மைதானம் ரொம்பப் பெரியது அம்மா. நடந்து போய் எடுத்தேன். ஊக்கு எங்கோ விழுந்துவிட்டது.

கடையில் அட்டை அட்டையாகக் கிடைக்கிறது. இருந்தாலும் உன் வளையலில் கிடப்பதில் ஒன்றைக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்