நான் பார்க்காத மூன்றாவது ரவுண்டு

ஆரணி
14.11.2025

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. படவேட்டம்மன் புண்ணியத்தில் உன் அம்மாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு இடது முட்டி வீக்கம் வடிந்திருக்கிறது, ஆனால் மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல் மழை விட்ட நேரம் பார்த்துத் துணி காயப்போட ஏறுகிறாள். கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிறது. உன் தம்பி பிரபாகரனைப் பட்டுக்கடையில் ஆன்லைன் ஆர்டர் பக்கம் மாற்றிவிட்டார்கள், தை முகூர்த்தத்துக்கு இப்போதே பெட்டி கட்டுகிறார்களாம், வீட்டுக்கு வந்ததும் தட்டில் கை வைத்தபடியே தூங்குகிறான். போனில் சொல்லாமல் கடிதமாக ஏன் எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் எழுதப்போவது அவளுக்குத் தெரிய வேண்டாம். பன்னீர்செல்வம், சக்கரவர்த்தி விஷயம். போன வருஷம் நீ லீவில் வந்தபோது பாதியை அவசரமாகச் சொன்னேன், இப்போது முதலில் இருந்து வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இரண்டு பேரையும் நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே புஷ்பலதா டீக்கடை பெஞ்சில் தினமும் சாயந்திரம் உட்கார்ந்து சண்டை போடும் இரண்டு பழைய பாக்ஸர்கள். பன்னீருக்கு அறுபத்து நாலு, அரசு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், வலது கண்ணில் பார்வை இல்லை, இடது காது கேட்காது. சக்கரவர்த்திக்கு அறுபத்திரண்டு, ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவன், நாலு வருஷமாக நடுக்க நோய், இரண்டு கையும் ஆடுகின்றன. சிந்தாமல் இருக்க புஷ்பலதா அவனுக்குப் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள், குடித்ததும் மீதியை ஊற்றுவாள். ஐந்தரை மணிக்குப் பக்கத்து செல்போன் கடை அஜித்குமார் வந்து திரியைக் கொளுத்துவான். பன்னீர் அண்ணா, உன்னை மூணாவது ரவுண்டுல கயித்து மேல துணி காயப்போட்ட மாதிரி போட்டேன்னு சக்கரவர்த்தி அண்ணன் சொல்லிகினு இருக்காரே, நெசமா என்பான். யாரு, இவனா, மூக்கு சிந்தவே பொண்டாட்டி கை வோணும் இவனுக்கு, என்னப் போட்டானாமா என்பான் பன்னீர். உடனே சக்கரவர்த்தி மெதுவாக எழுந்து, கேட்கிற காதுப் பக்கமாகச் சுற்றிப் போய், செவுட்டு நாயே, அந்தக் காதை மூடினதே என் கைதான்டா என்று கத்துவான். திட்டுவதற்காக நடந்து சுற்றி வருகிறான் பார் என்று கடையே சிரிக்கும். அண்ணன் கையைப் பாருங்கடா, இப்ப ஒரு குத்து உட்டா நாலு குத்தா விழும் என்று பின்னால் இருந்து ஒருவன் சொல்வான். அஜித்குமார் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். கடைசியில் பன்னீர் சட்டைப் பையில் இருந்து லாமினேட் செய்த பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டுவான், பன்னிரண்டு வரி, நான் எழுதிய செய்தி. அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நிருபர் சாரைக் கேளு, கிட்ட உக்காந்து பாத்தவரு அவருதான் என்பார்கள். நானும் டீயைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நெருக்கமான சண்டை, மூணாவது ரவுண்டில் சக்கரவர்த்தி முன்னால் வந்து அடித்தான், பன்னீர் பின்னால் போய்க்கொண்டே சுத்தமாகக் குத்தினான், மயிரிழை வித்தியாசம் என்பேன். முப்பத்தேழு வருஷமாக இதே வாக்கியம். சாட்சி சொல்வது போல நிதானமாகச் சொல்வேன், எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நடந்தது இதுதான். 1988 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. மாவட்டப் போட்டியின் பைனல், ஸ்கூல் மைதானத்தில் ரிங் கட்டியிருந்தார்கள். பன்னீர் சிவப்பு மூலை, சக்கரவர்த்தி நீல மூலை, மூன்று ரவுண்டு, ஐந்து ஜட்ஜ். நான் அப்போது பேப்பருக்குப் பகுதிநேர நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும், அங்கே ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வான், எங்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். ஏழு இருபது பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் செய்தி இல்லை. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் லேட், சண்டை ஆரம்பித்ததே ஏழு மணிக்கு. இரண்டு ரவுண்டு முடிந்தபோது பன்னீர் தெளிவாக முன்னால் இருந்தான். மூன்றாவதில் பெரிதாக என்ன மாறிவிடப்போகிறது என்று நினைத்து, பன்னீர்செல்வம் வெற்றி என்று எழுதி, மூன்றாவது ரவுண்டையும் இரண்டு வரி கற்பனையாக எழுதி, கவரை ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பின்னால் மைதானத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது சண்டை முடிந்து ஜட்ஜ்களிடம் புள்ளிச் சீட்டு வாங்கிக்கொண்டு இருந்தார்கள். பன்னீர் மூக்கில் ரத்தம், ஸ்டூலில் இருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தான். சக்கரவர்த்தி நின்றுகொண்டு சிரித்தான். ஜட்ஜ் சீட்டில் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். ஐந்தாவது ஜட்ஜ் ஒரு டிரில் மாஸ்டர், அவர் சீட்டில் புள்ளி சமம். சமமானால் யாருக்கு என்று ஜட்ஜ் ஒரு டிக் போட வேண்டும், அவர் நீலத்துக்குப் பென்சிலில் போட்டிருந்தார், நான் மேஜை அருகில் நின்று பார்த்தேன். சீட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. போட்டித் தலைவர் என்னைப் பார்த்து, பேப்பருக்கு என்னா அனுப்பினீங்க என்று கேட்டார். பன்னீர்னு அனுப்பிட்டேன், பஸ் போயிடுச்சி என்றேன். அவர் டிரில் மாஸ்டரைப் பார்த்தார். காலையில பேப்பர்ல ஒண்ணு, நாம சொன்னது ஒண்ணுன்னா பேஜாரு ஆயிடும் மாஸ்டர், சமமாதான கீது என்றார். மாஸ்டர் ரப்பரால் அழித்துவிட்டு சிவப்புக்கு டிக் போட்டார். பன்னீரின் கையைத் தூக்கினார்கள். அவன் மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சண்டையிலேயே தோற்றான், ஆனால் கலந்துகொண்ட சர்டிபிகேட்டில் அரசு வேலை கிடைத்தது. மாஸ்டரும் தலைவரும் இப்போது உயிரோடு இல்லை. நான் இருக்கிறேன்.

சக்கரவர்த்தி மாமா போறதுக்குள்ள சொல்லிடுங்கப்பா, உண்மை தெரிஞ்சா அவருக்கு நிம்மதி, உங்களுக்கும் பாரம் குறையும் என்று நீ போன வருஷம் சொன்னாய், பிறகு போன் செய்யும்போதெல்லாம் சொன்னாய், தீபாவளி அன்றும் சொன்னாய். போன செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி முள்ளிப்பட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கீதா தறியை விட்டு எழுந்து வந்து அவனுக்கு ஷேவ் செய்துகொண்டு இருந்தாள், ஒரு கன்னம் முடிந்திருந்தது, மற்றதில் நுரை. வாங்க சார், ஒக்காருங்க, ஆட்டத்த நிறுத்தி வச்சிருக்கேன், தலைய அசைச்சா வெட்டிக்கும் என்று அவள் சிரித்தாள். நான் தேதியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கன்னத்தில் இருந்து கத்தியை எடுத்துவிட்டாள். சக்கரவர்த்தி இரண்டே கேள்வி கேட்டான். முதல் கேள்வி, மூணாவது ரவுண்டு நீ பாக்கவே இல்லியா. இல்லை என்றேன். அடுத்தது, அன்னிக்கு பஸ்ஸு பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா என்று கேட்டான். நீதான் ஜெயித்திருப்பாய் என்றேன். நுரை காய்ந்துகொண்டு இருந்தது. சார், டீக்கடையில நான் ஜெயிச்சேன்னு கத்தறது வாய்க்கு, உள்ளுக்குள்ள நான் தோத்தேன்னுதான் வச்சிருந்தேன், ரெண்டு குத்து கம்மியா உட்டுட்டேன், அத்த மட்டும் உட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு மூட்டை தூக்கும்போதெல்லாம் நெனச்சிகினே இருப்பேன், எங்க உட்டிருக்கலாம், எந்தக் கையில உட்டிருக்கலாம்னு, அது என் தப்பு, என் சண்டை, இப்ப வந்து, நான் இன்னா குத்து உட்டிருந்தாலும் ஜெயிச்சிருக்க மாட்டேன்னு நீ சொல்றியே என்றான். கிளம்பும்போது நான் செய்ததைத்தான் உன்னிடம் மறைக்கக் கூடாது. இதை வெளியில் சொல்லாதே சக்கரவர்த்தி, பன்னீர் இந்த வயதில் தாங்கமாட்டான், என் பெயரும் கெடும் என்றேன். கீதா என்னைப் பார்த்தாள். ஊருக்குச் சொல்ல தைரியம் இல்ல, அப்ப இவருகிட்ட மட்டும் எதுக்கு சார் வந்து சொன்னீங்க, எறக்கி வைக்க எடம் பாத்தீங்களா என்றாள். பிறகு காய்ந்த நுரையின் மேல் தண்ணீர் தொட்டு இன்னொரு கன்னத்தை மழிக்கத் தொடங்கினாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்று சாயந்திரம் அவன் வழக்கம்போல டீக்கடைக்கு வந்தான், அதுதான் எனக்கு ஆச்சரியம். புஷ்பலதா பாதி டம்ளர் ஊற்றினாள். அஜித்குமார் போனைத் தூக்கிக்கொண்டு, அண்ணா, இன்னிக்குத் தீர்ப்பு சொல்லிடுங்க, யாருண்ணா ஜெயிச்சது என்றான். சக்கரவர்த்தி என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, சுற்றிப் போய், பன்னீரின் கேட்கிற காதருகே குனிந்து, நீதான்டா ஜெயிச்ச என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பன்னீர் காது கேட்காதவன் போல, இன்னாது என்றான். நீதான்டா ஜெயிச்ச, பேப்பர்ல போட்ருக்கான்ல, பேப்பர்ல போட்டா சரிதான் என்றான் மறுபடியும், பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல. அஜித்குமார், சூப்பர், முப்பத்தேழு வருஷக் கேசு முடிஞ்சிதுபா, பன்னீர் அண்ணனுக்கு எல்லாரும் கை தட்டுங்க என்றான், நாலைந்து பேர் தட்டினார்கள். பன்னீர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அவன் சக்கரவர்த்தியின் ஆடுகிற கையைப் பிடித்துக்கொண்டு, டேய், மூணாவது ரவுண்டு சொல்லுடா, என்னை மூலையில தள்ளினத சொல்லுடா, செவுட்டு நாயேன்னு திட்டுடா, இன்னாடா ஆச்சி உனக்கு என்றான். சக்கரவர்த்தி கையை உருவிக்கொண்டு, டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். அந்த வீடியோவை இரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம், அஜித்குமார் இன்று என்னிடம் காட்டினான். கீழே யாரோ, கிழவனுக்குப் புத்தி வந்திடுச்சி என்று எழுதியிருக்கிறார்கள்.

புதன்கிழமையும் நேற்றும் சக்கரவர்த்தி டீக்கடைக்கு வரவில்லை. நேற்று பன்னீர் ஷேர் ஆட்டோ பிடித்து முள்ளிப்பட்டுக்குப் போனான், தூங்குகிறார் என்று கீதா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தான். உன் அம்மா காபி கொடுத்தாள். கட்டிங்கை எடுத்து மேஜை மேல் வைத்து, சார், இத்த வச்சி நான் இன்னா பண்றது, இல்லைன்னு சொல்ல ஆள் இருந்தாதான இது செல்லும், நீங்க எதுனா சொன்னீங்களா அவன்கிட்ட என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். செல்வி, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ சொல்லாவிட்டாலும் என்றைக்காவது போயிருப்பேன், அவனுக்காக அல்ல, எனக்காக. ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே அன்று சாயந்திரமே அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். சொல்லு என்பவர்களுக்கு அந்தப் பெஞ்சு தெரியாது. பன்னீர் நேற்றுப் போகும்போது வாசற்படியில் நின்றுவிட்டான். சார், அவன் மறந்துட்டான் போல, நீங்களாவது சொல்லுங்க, மூணாவது ரவுண்டுல இன்னா நடந்தது, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க என்றான். அவனை உட்காரவைத்து மணி அடித்ததில் இருந்து சொன்னேன். அழுதுகொண்டே கேட்டான். எந்த இடத்திலும் நான் தடுமாறவில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்று ஜுரம் வந்ததாகச் சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறாள் என்று எழுது. மாப்பிள்ளையை ஐஸ் ரோட்டில் சைக்கிளில் போக விடாதே. நீயும் நைட் டூட்டி முடிந்தால் பகல் தூக்கத்தை விடாதே, கண்ணின் கீழ் கருப்பு போனிலேயே தெரிகிறது என்று அம்மா புலம்புகிறாள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத மனசோடும் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சக்கரவர்த்தி பற்றிக் கேட்காதே, நல்லது செய்தீர்கள் அப்பா என்றும் சொல்லாதே, கீதாவுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்லவும் கூடாது. தை மாதம் வரும்போது முள்ளிப்பட்டுக்குப் போகலாம் என்று நீ சொன்னால், நான் வரமாட்டேன்.

அன்புடன் உன் அப்பா,
பொன்னுசாமி